பாலில் இல்லை

என் பெரிய மகள் தேவகி மார்பில் கட்டி வந்து முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். பந்தலைப் பிரிப்பதற்குள் என் வீட்டுக்காரர் சடையப்பன் அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் பாலக் குட்ச்சிதான் எம் பொண்ணு பூட்டா." பொம்பளை நோய் பொம்பளை வழியாகத்தானே வரும், அவர் கணக்கு அது. மூன்று வருஷம் அந்தப் பேச்சைச் சுமந்தேன். உத்திரமேரூர் நெல் மண்டியில் அவர் தூக்கிய மூட்டையெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்.

தேவகிக்கு வந்தது பரம்பரையாக வரும் வகையாக இருக்கலாம் என்று, போன மாதம் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவர் ரத்தத்தையும் சின்னவள் செவ்வந்தி ரத்தத்தையும் எடுத்தார்கள். நேற்று முடிவு சொன்னார்கள். ரத்தத்தில் வரும் அந்தக் கோளாறு எனக்கு இல்லை. அவருக்கு இருக்கிறது, அவர் வழியாகச் செவ்வந்திக்கும். அவளுக்கு நோய் இன்னும் வரவில்லை, வரலாம், வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பாலில் இது போகாது என்றும் சொன்னார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நொடி செவ்வந்தி முகத்தைப் பார்த்தேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ்ஸில் அவர் எங்களை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த செவ்வந்தி, ஆறு மாதக் குழந்தைக்கு இனிப் பால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். காலைக்குள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது. குழந்தை பாட்டில் பாலைத் துப்பிவிட்டு வீறிட்டது. டாக்டரம்மா சொன்னதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா செத்தப்ப நைனா சொன்னத நானும் கேட்டுக்கினுதான இருந்தேன்" என்றாள்.

மகள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர் அவர். இன்று போகவில்லை. வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"பால்ல ஒண்ணும் இல்ல கண்ணு. அது நான் குட்த்தது. உங்கம்மா பால் நல்ல பால். நீ புள்ளைக்குக் குடு."

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகை நின்றது. அவர் நகரவில்லை.

"அப்ப தேவகிக்கும் நாந்தானா?" என்று என்னைக் கேட்டார்.

மூன்று வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன். ஒரு 'ஆமாம்' போதும். அவர் தோள் குலுங்கியது.

"சோறு போட்டுக்கினு வரேன், உக்காருயா" என்றேன்.