நோய்ப்பால்

தாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கப்றுக் குழிக்குள் ஒரு காலை வைத்துவிட்டான். மறுகாலை வைப்பதற்குள் முஹம்மது தம்பி அவன் தோளைப் பிடித்தார். காலையில் மௌத்தான மைமூனாவின் வாப்பாவுக்குத் தம்பியான சாச்சாவின் மகன் அவர்.

“நில்லு. நீ ஆரு அவவுக்கு?”

“மகன்.”

“பெறாத மகனா?”

“பால்மகன், காக்கா.”

பெண் மையித்தைக் குழிக்குள் வாங்க, மணம் முடிக்க ஆகாத உறவு வேண்டும் என்பது ஊர் வழக்கம்; சாச்சா மகன் அதில் சேரமாட்டார், பால் குடித்து வளர்ந்த மகன் சேருவான். மைமூனாவுக்கு உடன்பிறப்பு இல்லை, பிள்ளை இல்லை. புருஷனும் தலாக் சொல்லிப் போய்விட்டான். பிள்ளை பெறாத நெஞ்சில் பால் கசிந்தால் ஊர் சும்மா இருக்குமா? நனைந்த சட்டையை முந்தானையால் இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள். தாஹிரின் தாய் பிரசவத்தில் மௌத்தானபோது, அதே ஊர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடியது.

“அது பாலா?” என்றார் முஹம்மது தம்பி. “நோய் வருத்தத்தில வந்த நீர். டவுன் டொக்டரே சொன்னதாம்!”

சொன்னதுதான். கிண்ணியாத் துறையில் தோணி ஏற்றிக் கூட்டிப்போனவனே தாஹிர்தான். அன்று டொக்டர் விளக்கினார்:

“மூளைக்கு அடியில பயறளவு ஒரு சுரப்பி. ‘பொறு, பால் வேண்டாம்’ எண்டு மூளை அதுக்கு டோபமைன் எண்ட சுரப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிள்ளை பெத்தா அது ஒதுங்கி வழிவிடும். இவவுக்குச் சுரப்பியில கட்டி, கண் நரம்பையும் அமத்துது. தடுக்கிற சொல்லு எடுபடல்ல.”

துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற தாஹிருக்கு அது சட்டென்று விளங்கிற்று: வாசலில் காவல்காரன் கத்துகிறான், லொறி நிற்கவில்லை. டோபமைனின் வேலையை இன்னும் பலமாகச் செய்யும் குளிசை கொடுத்தார்கள். பால் வற்றியது. மங்கிய கண்தான் திரும்பவில்லை.

“வத்தட்டும்,” என்றாள் மைமூனா. “நீ குடிச்சு முடிச்சிட்டாய்தானே. கடைசியில என்னை நீதான் இறக்கணும், மகன்.”

பள்ளி லெப்பை கப்றின் விளிம்பில் குந்தினார்.

“ஏன் சுரந்ததெண்டு மார்க்கம் கேக்கல்ல, முஹம்மது தம்பி. வயிறு நிறையக் குடிச்சானா எண்டுதான் கேக்கும். அஞ்சு தரமாவது.”

தாஹிர் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினான். “அஞ்சா? இது ரெண்டு வருஷத்து வேலை, லெப்பை!”

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். முஹம்மது தம்பியின் கை தோளை விட்டது.

“அப்ப தலைப்பக்கம் பிடி,” என்றார். “பதனமா.”

தாஹிர் தலைப்பக்கம் பிடித்து அவளை இறக்கினான். கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து, அவள் கன்னத்தை மண்ணில் சாய்த்து வைத்தான். மேலே ஏறியபோது, வழிந்த கண்ணீரில் சட்டையின் நெஞ்சுப்பக்கம் நனைந்திருந்தது. யாரும் பார்க்குமுன் தோள்துண்டை இழுத்து மூடிக்கொண்டான்.