வாயால் சொன்னால்தான் கணக்கு

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் கூட்டம். மேஸ்திரியைச் சலவைக்கூடத்தில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதா, ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதா என்பதைத் தவிர அந்தக் கூட்டத்துக்கு வேறு வேலை கிடையாது. மேஸ்திரிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளையும் விடுதித் துண்டுகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியவர், இரண்டையும் ஒரே கூடையில் போட்டார். தப்பென்று எடுத்தார். எடுத்ததை மறுபடியும் அதே கூடையில் போட்டார்.

அவரை இன்னும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் இப்போது அவர் எதற்கும் மேஸ்திரி இல்லை. முதலாளி இருந்த காலத்தில் இருந்தார். முதலாளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இருமினால் போதும், இவர் வெளியே நாலு பேரைத் திட்டிவிட்டு வருவார். எதற்குத் திட்டினோம் என்று இவருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் முதலாளி கடையை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வேலை பார்த்த ஆறு பேர் மட்டும் கிளம்பவில்லை. வர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக இயந்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கட்டடத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் வாடகை போட்டு, தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். முதலாளி கிடையாது, மேஸ்திரி கிடையாது. லாபம் வந்தாலும் ஆறு பங்கு, நஷ்டம் வந்தாலும் ஆறு பங்கு. அந்த ஆறு பேரில் ஒருத்தி மேஸ்திரியின் மனைவி. மடிப்பு மேசை அவள் பொறுப்பு.

மேஸ்திரிக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள், கத்துவதைத் தவிர வேறு தொழில் தெரியாது, யார் எடுப்பார்கள்? கடைசியில் கணக்குப் பார்க்கும் பெண்தான் மனம் இரங்கி அவர் மனைவியிடம், "அவரும் வரட்டுமே அக்கா, ஒரு வருஷம் பாப்போம்" என்றாள். மனைவி மற்றவர்களிடம் சொன்னாள். மறுநாள் மேஸ்திரி வந்து நின்றார். அந்த ஒரு வருஷம் இன்றோடு முடிகிறது.

ஒரு வருஷமும் மனுஷனைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது. வந்த புதிதில், எந்த மூட்டையை முதலில் போடுவது என்று கேட்டார். சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் தங்கையும், "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் போடுங்க" என்றார்கள். சரியென்று பட்டதைப் போட்டார். மத்தியானம் அதே இரண்டு பேரும் வந்து, "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றார்கள். கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றம் என்றால் ஒருத்தர் எப்படித்தான் வேலை செய்வது?

இன்னொரு நாள் தொட்டி விவகாரம். கடைசி அலசல் தண்ணீர் ஓரளவு சுத்தமாகவே இருக்கும் என்பதால் அதை ஒரு தொட்டியில் பிடித்துவைத்து, அடுத்த மூட்டையின் முதல் அலசலுக்கு விடுவார்கள். தண்ணீரும் மிச்சம், அதைச் சூடாக்கும் செலவும் மிச்சம். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, யாரோ சோம்பேறி தொட்டியைக் கழுவாமல் விட்டிருக்கிறான் என்று முடிவுகட்டினார். மொத்தத்தையும் சாக்கடைக்குத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்து, பாராட்டுக்குக் காத்திருந்தார். பாராட்டும் வரவில்லை, திட்டும் வரவில்லை. கூட்டம் போட்டார்கள். அவரை நடுவில் உட்காரவைத்து, தொட்டி எதற்கு என்று ஆளாளுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். நாலு வசவு வாங்கியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அந்தப் பொறுமைதான் அவரை வதைத்தது.

ரொட்டிக்கடைக் கணக்கு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எதிர்த் தெருவில் இருக்கும் அந்தக் கடையும் வேலை செய்பவர்களே நடத்துவது. அவர்களுடைய மேலங்கிகளை இவர்கள் துவைத்துக் கொடுப்பார்கள், அவர்கள் தினமும் ரொட்டி கொடுத்தனுப்புவார்கள். பில் கிடையாது.

"அவங்க ஏமாத்திட்டா?" என்று கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் கேட்டார்.

"ஏமாத்தினா தெரிஞ்சுடும்."

"எப்படித் தெரியும்?"

"ரொட்டி வராது."

இதற்கு மேல் என்ன கேட்பது? பேசாமல் ரொட்டியைத் தின்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டத்தின் விதிதான் அவரைப் பயமுறுத்தியது. எந்த முடிவானாலும் ஆறு பேரும் ஒவ்வொருவராகத் தன் வாயால் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, கை தூக்கினால் செல்லாது. சும்மா இருந்துவிட்டால் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளவே கூடாது. முதலாளி காலத்தில் எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள், அவர் அத்தனையையும் சம்மதமென்று எடுத்துக்கொண்டார். அந்தச் சூடு பட்டவர்கள் போட்ட விதி இது. ஒரே ஒருத்தர் இல்லையென்று சொன்னாலும் விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த ஒருத்தர் யாரென்று மேஸ்திரிக்குத் தெரியும். பாய்லர்காரர். முதலாளி காலத்தில் ஒரு கோடையில், நடுநடுவே ஆட்கள் வெளியே போய் நிற்கிறார்கள் என்று மேஸ்திரி பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்த வெக்கையில் பாய்லர்காரர் மயங்கி விழுந்தார். எழுந்தவர் அன்றிலிருந்து மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஒரு வருஷத்திலும் பேசவில்லை. ஆகவே மேஸ்திரியின் பயமெல்லாம் அந்த ஒரு வாயைப் பற்றித்தான் இருந்தது. தன் மனைவி என்ன சொல்வாள் என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளைப் பத்திரமாக இருக்கிறதா என்று யாராவது தினமும் பார்ப்பார்களா?

சாயங்காலம் மடிப்பு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி ஒரு துணிமூட்டைமேல் உட்கார்ந்தார். கணக்குப் பார்க்கும் பெண் கேட்க ஆரம்பித்தாள்.

வண்டி ஓட்டுநர், "சம்மதம்" என்றார். அக்கா சம்மதம் என்றாள், தங்கையும் சம்மதம் என்றாள். கணக்குப் பார்க்கும் பெண் தன்னுடைய சம்மதத்தையும் சொல்லிவிட்டுப் பாய்லர்காரரைப் பார்த்தாள். அவர் மேஸ்திரியின் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"சரி, சம்மதம்" என்றார்.

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து நிற்பதா, இன்னும் உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தார்.

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றாள் அவர் மனைவி.

மேஸ்திரி அதே பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். காலையில் சண்டை ஏதாவது போட்டோமா? இல்லை. நேற்று? நேற்றும் இல்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"என்னக்கா இது" என்றார் பாய்லர்காரர். "உங்களுக்காகத்தானே நானே சரின்னேன்."

"நீ?" என்று அவள் ஓட்டுநரைக் கேட்டாள்.

"உங்களுக்காகத்தான்கா."

அக்காவும் தங்கையும் கேட்காமலே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அப்ப அஞ்சு பேரும் ஒண்ணும் சொல்லல. நான் ஒருத்திதான் அஞ்சு தடவை சொல்லியிருக்கேன், அதுவும் வாயே திறக்காம" என்றாள் அவள். "அந்தக் கண்ணாடி ரூம்ல ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு பாத்துப் பாத்துத்தான் இத்தனை வருஷம் பேசினோம். இப்ப அதே ரூமை எனக்குக் கட்டிக் குடுக்கறீங்க. எனக்கு வேணாம்."

கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான். "இல்லைன்னு சொன்னா, எது நடந்தா சரிம்பீங்கன்னும் சொல்லணும்கா" என்றாள்.

"அவர் கேக்கட்டும். ஒரு வருஷம் ஆச்சு, சேத்துக்கங்கன்னு யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டாரா? நீ என்கிட்ட கேட்டே, நான் உங்ககிட்ட கேட்டேன். அவர் பாட்டுக்கு வந்து நின்னார். ஒவ்வொருத்தரா கேக்கட்டும்."

மேஸ்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று யோசித்தால் அங்கேயும் ஒன்றும் தோன்றவில்லை. கேட்பதாம். எதைக் கேட்பது? எப்படிக் கேட்பது? கூடையை எடு, வேகமாகப் போடு, பேச்சை நிறுத்து என்று இந்த முகங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவர்களிடம் ஒன்றைக் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் அவர் வாயில் உருவானதே இல்லை.

முதலில் ஓட்டுநரிடம் போனார். "ஏம்ப்பா" என்று தொடங்கி நிறுத்தினார். "நான் இங்கயே இருக்கலாம்னு... உங்களுக்கு எப்படி?"

"மூட்டை ஏத்த ஒரு கை குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"அப்பச் சம்மதம்."

அக்காவிடமும் தங்கையிடமும் கேட்டபோது தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அவளைக் கிள்ளினாள். "தொட்டியைத் தொடாம இருந்தாச் சம்மதம்" என்றாள் தங்கை. அக்கா வெறுமனே சம்மதம் என்றாள். கணக்குப் பார்க்கும் பெண், இந்தத் தடவை தன் மனதிலிருந்தே சொல்வதாகச் சொல்லிச் சம்மதித்தாள்.

அடுத்து மேஸ்திரி பாய்லர்காரர் முன்னால் போய் நின்றார். "உங்களுக்கு..." என்றார். அவ்வளவுதான் வந்தது.

"புரியுது" என்றார் பாய்லர்காரர். "எனக்குச் சம்மதம் இல்ல. கதவைப் பூட்டினது இன்னும் மனசுல அப்படியே இருக்கு. உங்க வீட்டு அக்காவுக்காக முழுங்கிக்கலாம்னு பாத்தேன். அக்காவே வேணாங்கறாங்க. ஆறு மாசம் போகட்டும், அப்பக் கேளுங்க."

மேஸ்திரி தலையாட்டினார். வேறென்ன செய்வது? ஒருத்தர் இல்லையென்றால் இல்லைதான். நிரந்தரம் இல்லை, இன்னும் ஆறு மாசம் இப்படியே வந்துபோகலாம் என்று கணக்குப் பார்க்கும் பெண் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றார் பாய்லர்காரர் திடீரென்று. "பாய்லரைத் தேய்க்கணும். தனியா முடியல."

"சம்மதம் இல்லைன்னீங்களே?"

"அதான் சொல்லிட்டேனே. இனிமே பேசறதுக்கு என்ன?"

வேண்டாமென்று சொன்னவர் வேலைக்குக் கூப்பிடுகிறார், கட்டினவள் வேண்டாமென்று நிறுத்துகிறாள். மேஸ்திரிக்குத் தலை சுற்றியது. எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள்.

"என்னை இன்னும் கேக்கலியே" என்றாள் அவர் மனைவி.

"அதான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"ஆனா என்ன? கேளுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. "உனக்குச் சம்மதமா?" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு. அவள் பேசாமல் இருந்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டார்.

"சம்மதம்" என்றாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கமாக அவர் முன்னால் போவார், அவள் நாலடி பின்னால் வருவாள். இன்றைக்கு அவர் நடையை மெதுவாக்கிக்கொண்டே வந்ததில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்படி ஆகிவிட்டது. தெருவிளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன.

"நீ முதல்லயே சரின்னிருந்தா இந்நேரம் நான் சேந்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்ல நினைத்தது, கேள்வி மாதிரி வந்தது.

"சேந்திருப்பீங்க."

"அப்பறம் எதுக்கு இதெல்லாம்? எனக்கு ஒண்ணும் புரியல."

"நம்ம கல்யாணத்துக்கு யாரைக் கேட்டீங்க?" என்றாள்.

"உங்கப்பாவை."

"அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"நான் என்ன சொன்னேன்?"

மேஸ்திரி யோசித்தார். அந்த நாளில் அவள் சொன்ன ஒரு வார்த்தையாவது ஞாபகத்துக்கு வருகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தார்.

"நீ ஒண்ணும் சொல்லல" என்றார். "சும்மாதான் இருந்தே."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கால் அதுவாக நின்றுவிட்டது. அவளும் நின்றாள். பக்கத்தில் ஒரு கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். பாய்லர்காரரிடம் கேட்டபோது வேலைதான் போயிருக்கும். இப்போது கேட்டால் என்னென்ன போகும் என்று அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் என்ன சொல்வாள் என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பேசாமல் நடந்துவிடலாம் என்றும் தோன்றியது.

இருந்தும் கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தெருவிளக்குக்குக் கீழே நின்று, நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தாள்.