காசுக்கு ஓடுகிறவன்

ஓட்டப் பந்தயத்தின் இரண்டாவது மைலில், சிறைச்சாலை மதிலைத் தாண்டும்போது, முகம்மது கனியின் வலது கை தானாக எழுந்து தோளுக்குப் போனது. அங்கே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டது. சாலையோரம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் கையைக் கீழே இறக்கினான். நூறு கஜம் போவதற்குள் அது மறுபடி ஏறிவிட்டது. பிறகு அதை அதன் போக்கில் விட்டான். இடது கை மட்டும் வீச, வலது கை தோளிலேயே இருக்க, ஆயர் ஈத்தாம் வரை போய்த் திரும்பி, கடற்கரைத் திடலுக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தான். அது பினாங்கில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம். முந்தைய வருஷம் அவன் ஒன்பதாவது.

கனி கண்டார் தூக்குகிறவன். மூங்கில் தோள்தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறு முனையில் குழம்புப் பானையும் கறிப் பானையும். விடிந்ததும் கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த சந்திலிருந்து கிளம்பித் துறைமுகக் கிடங்குகளுக்குப் போவான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்கு இறங்கும் முன் போய்ச் சேர வேண்டும். சோறும் சூடாக இருக்க வேண்டும். அதனால் அவன் போவது நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒன்று. முழங்கால் உயராது. பாதம் தரையை உரசிக்கொண்டே போகும். தடி வளைந்து நிமிரும் தாளத்தில் கால் விழ வேண்டும். தப்பினால் குழம்பு சிந்தும். பதினாலு வருஷத்தில் உடம்பு அந்தத் தாளத்துக்கு அமைந்துவிட்டது. வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை தடித்திருந்தது. தூங்கும்போதும் கை அதன் மேல்தான் கிடக்கும்.

குழம்பு சிந்தியதா என்று பார்க்கிறவள் காமாரியா, அவன் மனைவி. பினாங்கு மலாய்க்காரி. சந்துப் பெண்களிடம் தமிழ் கற்று, அவர்களைவிட வேகமாகப் பேசுவாள்; புருஷனை மட்டும் மலாயில் ‘அபாங்’ என்பாள். காலையில் குழம்புப் பானையின் வாயைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி அனுப்புவாள். மத்தியானம் அவன் திரும்பியதும் துணியை அவிழ்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். மஞ்சள் சொட்டுகளைப் பார்த்து அன்றைக்கு வழியில் நடந்ததைச் சொல்வாள்.

“ரெண்டு சொட்டு. எந்தப் பொம்பளையப் பாத்தீங்க, அபாங்?”

“டிராம்காரன் திடீர்னு மணி அடிச்சான்.”

“அதுக்கு ஒரு சொட்டு. இன்னொண்ணு?”

இன்னொன்றுக்கு அவன் கூடையைக் கழுவப் போய்விடுவான்.

அவனை ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிவந்தவன் கார்த்திகேசு. நீதிமன்றத்தில் துபாஷி. கூண்டில் நிற்கிறவன் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்வது அவன் வேலை. ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து அதில் சேர்ந்தவன். கோர்ட்டை விட்டு வெளியே வந்தாலும் அந்தச் சத்தியம் அவனோடு வந்தது. யாராவது ஒரு சண்டையைப் பற்றிக் கேட்டால், திட்டியவன் திட்டிய சொல்லையே சொல்வான். கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவனும் ஓடுகிறவன். வருஷா வருஷம் கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாக வந்து சேர்வான். ஒரு நாள் காலையில் கடற்கரைச் சாலையில் அவன் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் பாரம் தொங்க ஒருவன் பின்னால் வந்து, சலாம் சொல்லி, இன்றைக்கு மழை வருமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாண்டிப் போனான். அன்று சாயங்காலமே கார்த்திகேசு சந்துக்குள் வந்து விசாரித்துக் கனியைக் கண்டுபிடித்துவிட்டான்.

கைவீச்சைக் கற்றுக்கொடுக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வலது கையில் ஒரு கல்லைக் கொடுத்து ஓடச் சொன்னான். கல்லும் தோளுக்குப் போனது. கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்தான். கனி நேராக ஓட முடியாமல் கடலோரச் சுவரில் போய் இடித்தான். கடைசியில் இருவரும் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். கை அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பந்தயத்தில் கனிக்குப் பிடித்தது ஒன்றுதான். துறைமுகத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. “நாசி” என்று கூப்பிடுவார்கள். மலாயில் சோற்றுக்கும் அதுதான் பெயர், அவனுக்கும் அதுதான் பெயர். திடலில் ஒருவன் தகரக் குழலை வாயில் வைத்து, முடிவுக் கோட்டைத் தாண்டுகிறவர்களின் பெயரைச் சொல்வான். முகம்மது கனி. அந்தப் பெயர் மரங்கள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பிறகு அதைப் பலகையில் எழுதி, பந்தயம் நடத்தும் சங்கத்தின் வராந்தாவில் மாட்டினார்கள். காமாரியாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இருபத்து நாலாம் வருஷம் அவனுக்கு முன்னால் வர ஆள் இல்லை. முதலாவதாக வந்தவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். இரண்டாவதாக வந்தவனுக்குக் கால் ஒடிந்திருந்தது. கார்த்திகேசு கடிகாரத்தை வைத்துக்கொண்டு கனியை நாலு வாரம் ஓடவிட்டான். ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தான்.

பெயர் கொடுக்கப் போன அன்று மனுவில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது. மேசைக்குப் பின்னால் சங்கத்தின் காரியதரிசி, ஒரு வெள்ளைக்காரர், பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். கார்த்திகேசு கேள்வியைத் தமிழில் கேட்டான்.

“பாய், நீங்க எப்பவாவது காசுக்கு ஓடியிருக்கீங்களா?”

கனி சிரித்தான். “இது என்ன கேள்வி துபாஷியாரே? காசுக்குத்தான லா மனுசன் ஓடுறான். பதினாலு வருஷமா ஓடுறேன்.”

சிரிப்பைப் பார்த்த காரியதரிசி, அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். கார்த்திகேசு சொன்னான். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் பேனா எழுதிவிட்டது.

அதன் பிறகு அவன் கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினான். கனிக்கு அதில் தன் பெயர் மட்டும் விளங்கியது. காரியதரிசி கோபப்படவில்லை. புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். கூலிக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தப் பந்தயம் இல்லை. கேட்டதும் ஒருவன் சொல்லும் முதல் பதில்தான் உண்மையான பதில் என்றார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார். பலகையில் மூன்றாவது பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

திரும்பும் வழியில் கார்த்திகேசு நடந்ததைச் சொன்னான்.

“அப்ப நான் என்ன சொல்லியிருக்கணும்?”

“இல்லைன்னு சொல்லியிருக்கணும் பாய்.”

“ஓடுறேனே.”

“அவங்க கேட்டது வேற ஓட்டம், பந்தயத்துல பணம் வாங்கி ஓடுறது. நான் விளக்கிக் கேட்டிருக்கணும். அப்படியே கேட்டு, அப்படியே சொல்லிட்டேன்.”

“நீங்க அப்படியேதான சொல்வீங்க,” என்றான் கனி. அதில் குத்தல் இல்லை. கார்த்திகேசுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆயர் ஈத்தாம் வரை கனி தன் கால்களால்தான் போனான். அதைச் சிவப்பு மை என்ன செய்யும் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் பொய்க்காரன் பெயரைத்தான் அப்படி அடிப்பார்கள் என்பது புரிந்தது. மூன்றாம் நாள் துணியில் ஒன்பது சொட்டு. காமாரியா அவற்றை எண்ணிவிட்டுத் துணியைத் தண்ணீரில் போட்டாள். பிறகு கேட்டாள்.

“நம்பர் இல்லாம அந்த ரோட்டுல ஓடினா என்ன செய்வாங்க?”

“போலீஸ்காரன் பிடிச்சு வெளியே தள்ளுவான்.”

“கண்டாரோட ஓடினா?”

கனி அவளைப் பார்த்தான்.

“கண்டார்காரன் ரோட்டுல போறத எந்தப் போலீஸ்காரன் பாப்பான்?” என்றாள் காமாரியா.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு. என்றைக்கும் சமைப்பதைத்தான் அவள் அன்றும் சமைத்தாள். சோறு, மீன் குழம்பு, வெண்டைக்காய், அவித்த முட்டை. பாரத்தைப் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்டாள். அவன் மறுத்துவிட்டான். பானைக்குப் புதுத் துணி கட்டினாள். முனிசிபாலிட்டி கொடுத்த லைசென்ஸ் தகரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தடியின் முன்முனையில் கட்டினாள். அதில் 311 என்று இருந்தது.

“நம்பர் இல்லைன்னு யாரு சொன்னா?” என்றாள்.

துப்பாக்கி வெடித்தது. நாற்பத்திரண்டு பேர் ஓடினார்கள். கடைசி ஆள் திடலைத் தாண்டிய பிறகு கனி தடியைத் தூக்கித் தோளில் வைத்தான். தடி இரண்டு தடவை வளைந்து தன் தாளத்தைக் கண்டுபிடித்தது. அவன் கிளம்பினான். போலீஸ்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் மைலில் வேடிக்கை பார்க்க நின்றவர்களில் நாலைந்து பேர் “நாசி” என்று கூப்பிட்டார்கள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தச் சத்தத்துக்கு நிற்கவில்லை. கால் நிற்கப் பார்த்தது. தடி இழுத்துக்கொண்டு போனது. டத்தோ கிராமாட் சாலையில் டிராம் தண்டவாளத்தின் ஓரம் சல்லி போட்டுக்கொண்டிருந்த தமிழாட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

“பாய், தைப்பூசத்துக்கு இன்னும் மாசம் கிடக்கு. காவடிய இப்பவே எடுத்துட்டீங்க?”

“தண்ணீர்மலைக் கோயில் அந்தப் பக்கம் பாய். வழி மாறிட்டீங்க.”

“வழியெல்லாம் சரிதான் லா,” என்றான் கனி. “நீங்க கும்பிட்டுட்டு வேலையப் பாருங்க.”

அவர்கள் சிரித்தது வெகுதூரம் கேட்டது. பிறகு யாரும் இல்லை. சாலை மெல்ல ஏறியது. தென்னை, அதற்குப் பின்னால் மலை. மூச்சு சரியாக இருந்தது. இத்தனை தூரம் ஒரே மூச்சில் அவன் பாரம் தூக்கியதில்லை. நாலாவது மைலில் தோளின் தடித்த சதைக்கு உள்ளே ஏதோ எரியத் தொடங்கியது. தடியை இடது தோளுக்கு மாற்றினால் எரிச்சல் நிற்கும். மாற்றும்போது பானை ஆடும். அவன் மாற்றவில்லை. முன்னால் போனவர்கள் திரும்பி எதிரே ஓடிவந்தார்கள். சிலர் பார்த்துச் சிரித்தார்கள். போன வருஷம் அவனுக்குப் பின்னால் வந்த ஒருவன் பார்த்தான், சிரிக்கவில்லை. போகிறபோக்கில் தலையை மட்டும் அசைத்தான்.

ஆயர் ஈத்தாம் சந்தையில் ஒரு பீப்பாயை வைத்து, அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கையில் பென்சிலும் காகிதமும் இருந்தன. கனி பீப்பாயை ஒட்டித் திரும்பவில்லை. கூடையும் பானையும் சேர்ந்து சுற்ற வேண்டும் என்பதால் அகலமாக வட்டமடித்தான். பென்சில்காரன் தகரத்திலிருந்த எண்ணைப் பார்த்தான். காகிதத்தில் தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போதே கனி போய்விட்டான்.

திரும்பும்போது ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். ஒருவன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். சிறைச்சாலை மதிலோரம் எட்டாம் எண் மதிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றது. கார்த்திகேசு. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் தடி கிறீச்சிடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். முதலில் கனியைப் பார்த்தான், பிறகு பானையைப் பார்த்தான். கனி நிற்கவில்லை. நிற்கவும் முடியாது.

“காலப் பாக்காதீங்க துபாஷியாரே. தடியப் பாத்து வாங்க.”

கார்த்திகேசு நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான். தடி இறங்கும்போது ஒரு கால், ஏறும்போது ஒரு கால். கொஞ்ச தூரத்தில் நொண்டல் நின்றது. ஒரு மைல் கழித்துக் கார்த்திகேசு, “பாய், மன்னிச்சிருங்க,” என்றான்.

“மூச்ச வீணாக்காதீங்க,” என்றான் கனி.

முதலில் வந்தவன் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூட்டம் பாதி கலைந்துவிட்டது. மீதி இருந்தவர்கள், இரண்டு பானையும் ஒரு கூடையும் சாலை வளைவில் தோன்றியதைப் பார்த்து எழுந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். துறைமுகத்து ஆட்கள் சிலர் அங்கே இருந்தார்கள். கோட்டுக்கு ஐம்பது கஜம் இருக்கும்போது கனி வலது கையைத் தடியிலிருந்து எடுத்தான். எடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கை கீழே இறங்கி, பின்னால் போய், முன்னால் வந்தது. வீசியது. தடி தோளிலேயே நின்றது.

தகரக் குழல்காரன் கார்த்திகேசின் பெயரைச் சொன்னான். பிறகு குழலை இறக்கிவிட்டுக் காரியதரிசியைப் பார்த்தான். கார்த்திகேசு தள்ளாடிப்போய்க் குழலை வாங்கினான். மூச்சு வாங்கியதால் பெயர் இரண்டு துண்டாக வந்தது. முகம்மது. கனி.

பாரத்தை இறக்கிய இடத்திலேயே கனி உட்கார்ந்து துணியை விலக்கினான். குழம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓடி வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள்; வாசனைக்குச் சுற்றி வந்து நின்றார்கள். காரியதரிசியும் வந்தார். கார்த்திகேசைப் பார்த்து என்னவோ கேட்டார்.

“தட்டு எவ்வளவுன்னு கேக்கிறாரு பாய்.”

கனி ஒரு தகரத் தட்டில் சோற்றைப் போட்டு, மீனை வைத்து, குழம்பை ஊற்றினான். தட்டை நீட்டினான்.

“காசு வேணாம்னு சொல்லுங்க. இன்னைக்கு நான் காசுக்கு ஓடல.”

கார்த்திகேசு நிமிர்ந்து, கோர்ட்டில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். இங்கிலீஷில் சொன்னான். ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை.

காரியதரிசி தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு மற்றவர்களோடு புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். பலகையைப் பற்றி அவர் பேசவில்லை. கனியும் கேட்கவில்லை. பானை அடி தெரியும் வரை பரிமாறிக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது காமாரியா வாசலில் நின்றாள். பானையிலிருந்து துணியை அவிழ்த்துச் சன்னலுக்குக் கொண்டுபோனாள். விரித்துப் பிடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். பத்து மைல். துணி வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு சொட்டு. பருப்பு அளவு, மஞ்சள்.

“இது எங்க?” என்றாள்.

கனி வலது கையைப் பார்த்தான். அவள் துணியைத் தண்ணீரில் போடவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சந்தில் கட்டியிருந்த கொடியில் போட்டாள். கடற்காற்று வந்து துணியை முன்னும் பின்னும் வீசியது.