போட்டோவுக்கு நில்லு

என் தம்பியை எங்கள் நிலவியல் வகுப்பில் எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். பாறையைப் படம் எடுக்கும்போது அதன் உயரம் தெரிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். நெட்டை மரமாக வளர்ந்திருக்கும் அவனை விட்டால் வேறு யார்? "போட்டோ!" என்று கத்தினால் போதும், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான்.

எனக்கு அவன் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. களப்பயணம் வந்த மலையில் காலையிலிருந்து ஒவ்வொரு சரிவிலும் "நில்லுடா, போகாதேடா" என்று அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, அம்மா அவனை என்னை நம்பித்தானே அனுப்பினாள்.

அந்த மலை முழுக்க, பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகிய பாறை. அடுக்கி வைத்த போர்வைகள் மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை, ஒரு கறுப்புப் பட்டை. மற்றவர்கள் பேராசிரியரோடு மேலே போய்விட்டார்கள். கீழே கறுப்புப் பட்டையில் மறந்து வைத்த சுத்தியலை எடுக்கத் தம்பி இறங்கினான். அந்த நேரம் பார்த்து மூடுபனி சூழ்ந்தது. நீட்டிய கை தெரியவில்லை.

"அக்கா, எந்தப் பக்கம் வரணும்?"

வெள்ளைப் பட்டையில் நின்றபடி என் காம்பஸைப் பார்த்தேன். "உன் காம்பஸ் முள்ளைப் பாத்து நேரா வடக்கே வா. கிழக்கே பெரிய பள்ளம்டா!"

அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது. எதிர்கொண்டு போகலாமென்று நானும் இறங்கி ஒரு கறுப்புப் பட்டையில் கால் வைத்தேன். கையிலிருந்த முள் சட்டென்று கிழக்கே திரும்பியது.

கறுப்புப் பட்டையில் இருப்பது காந்த இரும்பு, காம்பஸ் முள்ளை இழுத்துவிடும். முதல் வருடப் பாடம். அவன் முள் வடக்கென்று காட்டும் பக்கம்தான் பள்ளம்.

"நில்லுடா! முள்ளை நம்பாதே!"

"ஆரம்பிச்சுட்டியா, பயந்தாங்கொள்ளி? நீதானே பாக்கச் சொன்னே!"

பூட்ஸ் சத்தம் நிற்கவில்லை. ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"போட்டோ!" என்று அலறினேன்.

பூட்ஸ் நின்றது.

"இந்தப் பனியிலயா?"

"வாயை மூடு. அசையாதே. இன்னும் எடுக்கல."

காற்று அடித்துப் பனி விலகியது. தோளில் சுத்தியலோடு, நிமிர்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பூட்ஸ் முனை இரண்டும் பாறையைத் தாண்டி வெளியே இருந்தன.

"எடுத்துட்டியாக்கா?" அவன் குனிந்து பார்க்கவில்லை.

கேமரா மேலே மற்றவர்களிடம் இருந்தது. வெறும் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன்.

"ஒரு அடி பின்னாடி வைடா. கால் முழுசாத் தெரியணும்."

சிரிப்பு மாறாமல் வைத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.