நாணல் தீவின் முள்வேலி

ஆப்கன் எல்லையாக ஓடும் பாஞ்ச் ஆற்றின் நடுவே இருக்கும் நாணல் தீவு பற்றிக்கொண்டு எரிந்தது. புகைக்குள் மான்கள் அலறின. தீவின் மறுபக்கம் சண்டைக்காலத்தில் போட்ட முள்வேலியில் அவை முட்டிக்கொண்டு நின்றன. வேலியைத் தாண்டினால் முழங்கால் தண்ணீர்தான். அதற்கப்பால் ஆப்கன் கரை.

இக்கரையின் காட்டுக்காவலன் குஷ்வக்த் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். உடன் வேலை செய்யும் தவ்ரோன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேலியோரம் கண்ணிவெடி கிடக்குடா. நீ செத்தா உன் பொண்டாட்டிகிட்ட நான்தான் போய்ச் சொல்லணும்."

"வெந்து சாகிறதைப் பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

கையை உதறிக்கொண்டு போனவனுக்கு, தீவின் மணலில் ஏறியதும் எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை.

"அப்படியே நில்லுய்யா." எதிர்க்கரையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "என் பேரு காலிக். அங்கதான் நாங்க நாணல் வெட்டுவோம். எனக்கு வழி தெரியும்."

அந்தக் கரையிலிருந்துதான் வேட்டைக்காரர்கள் மான்களைச் சுடுவார்கள்.

"உன்னை எப்படி நம்புறது?"

"நம்பாட்டி நில்லு. நெருப்பு வந்து உன்கிட்ட பேசும்."

குஷ்வக்த் நடந்தான். பட்டமரத்தை ஒட்டிப் போகச் சொன்னது குரல். புல் முளைத்த இடத்தில் மிதிக்காதே என்றது. பிறகு புகை மூடிக்கொண்டது.

"நீ கண்ணுக்குத் தெரியல. கால்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு சிவப்புக் கல்லு."

முதுகில் அனல் அடித்தது.

"சொல்லுய்யா."

"இரு, யோசிக்கிறேன்."

குஷ்வக்த் தோளில் விழுந்த தீப்பொறியைத் தட்டிவிட்டான்.

"கல்லு மேலயே ஏறி, நேரா குதி."

குதித்தான். வேலி கையில் தட்டுப்பட்டது. கம்பிகள் அறுந்ததும் மான்கள் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தன. ஒன்று மட்டும் புல்லுக்குள் விலகி ஓடியது. வெடித்தது. முகத்தில் ஈரமண் அறைந்தது. அவன் தன் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். இரண்டும் இருந்தன.

மற்ற மான்கள் தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தன. அக்கரையில் காலிக் யாரிடமோ கத்தினான்: "துப்பாக்கியை இறக்கு. அடைக்கலமா வந்ததைச் சுடுவியா?"

பிறகு இவனிடம், "இந்தப் பக்கம் வந்துடாத, எல்லைக்காரன் சுடுவான். வந்த தடத்துலயே திரும்பு."

தன் காலடிகளையே தேடித் தேடி மிதித்து, தீ நெருங்கும்முன் அவன் ஆற்றில் விழுந்தான். தவ்ரோன் கரைக்கு இழுத்தான்.

சில நாளில் மான்கள் ஆற்றைக் கடந்து திரும்பின. குஷ்வக்த் கரையில் நின்று, "காலிக்" என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். எல்லை தாண்டிப் பேசியதற்காகப் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்று பதறினான்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."