எல்லாக் கைகளும் வெள்ளை

எகிப்தில், மினியா நகருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை முடிந்து இறங்கும்போது நாங்கள் எல்லோரும் ஒரே நிறம். ரம்பம் கிளப்பும் தூள் இமை முதல் விரல் நுனி வரை அப்பிவிடும். என் வலது மணிக்கட்டில், இங்கே கிறிஸ்தவர்கள் எல்லோருக்கும் போல, குழந்தையாய் இருந்தபோதே பச்சை குத்திய சிலுவை உண்டு. ரிஃபாயி முஸ்லிம், அவனுக்குக் கிடையாது. தூள் மூடிவிட்டால் இரண்டு கையும் ஒன்றுதான்.

தவக்காலம். அவித்த மொச்சையிலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும் வண்டியில் ரிஃபாயி மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த மொச்சைய எப்படா விடுவே, புக்தூர்? உன் பக்கத்துல உக்காந்து வர்றவனுக்குத்தான் சொர்க்கத்துல இடம் கொடுக்கணும்."

"ஓரமாப் போய் உக்காரு."

"காத்து வர்ற இடத்தத்தான் நீ பிடிச்சுக்கிட்டியே."

திருப்பத்தில் முகம் மூடியவர்கள் வழிமறித்தார்கள். என்னவென்று கேட்க வாய் திறந்த ஓட்டுநரைச் சுட்டார்கள். அவர் தலை ஹாரன்மேல் சாய்ந்தது. ஒருவன் முடியைப் பிடித்து இழுத்துப் போடும்வரை அது அலறிக்கொண்டே இருந்தது.

எங்களை வரிசையாக மண்டியிட வைத்தார்கள்.

"வலது கைய நீட்டுங்க."

நீட்டினோம். எல்லாம் வெள்ளை.

"தண்ணி எங்கடா?"

வண்டியில் ஒரே ஒரு கேன் இருந்தது. "நான் எடுத்துத் தர்றேண்ணே" என்று ரிஃபாயி பணிவாக எழுந்தான். மூடியைத் திறந்து மணலில் கவிழ்த்தான்.

துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தார்கள். பல் தெறித்து என் மடியில் விழுந்தது.

"கலிமா சொல்லு. ஒவ்வொருத்தனா எல்லாரும் சொல்லணும்."

அவன் சொன்னால் பிழைப்பான். என் முறையும் வரும். எனக்கும் அந்த இஸ்லாமிய உறுதிமொழி மனப்பாடம்தான், பிறந்ததிலிருந்து காதில் விழுவது. ஆனால் என் வாயால் அதைச் சொல்லமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.

"வாய உடைச்சுட்டு ஓதச் சொல்றியே" என்றான்.

முழங்காலில் சுட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. உதடு மூடியே இருந்தது. நெஞ்சில் சுட்டார்கள்.

அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபவ்ஸியும் முஸ்லிம். துப்பாக்கி நெற்றியை அழுத்தியபோது அவனும் வாய் திறக்கவில்லை. வரிசை முழுக்க ஒரு சொல் எழவில்லை. அப்படியொரு அமைதியை நான் எந்தக் கோவிலிலும் கேட்டதில்லை.

மேட்டில் கல் லாரிகளின் இரைச்சல் கேட்டது. அவர்கள் எங்கள்மேல் சரமாரியாகச் சுட்டுவிட்டு ஓடினார்கள். ஃபவ்ஸி சரிந்தான். எனக்கு இடது தோளில் பாய்ந்தது.

அன்று இரவு, கட்டுப் போட்ட தோளோடு, அடக்கத்துக்கு முன் ரிஃபாயியின் உடலைக் குளிப்பாட்டும் அறைக்கு வெளியே நின்றேன். அவன் தம்பி ஜாபிர் கதவைத் திறந்தான்.

"உள்ள வா. தண்ணி ஊத்த ஆள் வேணும்."

"நானா?"

"ஒரு கை நல்லாத்தானே இருக்கு?"

செம்பை எடுத்தேன். நான் இன்னும் கை கழுவியிருக்கவில்லை. விளிம்பில் தளும்பிய நீர் என் மணிக்கட்டில் வழிந்து வெள்ளையைக் கரைத்தது. சிலுவை தெரிந்தது. ஜாபிர் அதைப் பார்த்தான். பிறகு அண்ணனின் தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

"மெதுவா ஊத்து. வாயில காயம் இருக்கு."