சீலம் எடுக்காத கை

திருப்போரூரிலிருந்து நெம்மேலி போகும் வழியில், விற்காமல் கிடந்த மனைகளுக்கு நடுவே அந்தப் புத்த விகார் இருந்தது. பின்பக்கம் உப்பங்கழி. மாலைத் தியானத்துக்கு உறுப்பினர்கள் கொஞ்சம் முன்னே பின்னே வருவார்கள். கொசுக்கள் நேரம் தவறியதே இல்லை.

உறுப்பினர்கள் அத்தனை பேரும் பிக்கு முன்னிலையில் பஞ்சசீலம் எடுத்தவர்கள். எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பது அதில் முதலாவது. கொசுவும் உயிர்தானா என்று ஆரம்பத்தில் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் பிக்கு (உறுப்பினர்கள் அழைப்பது 'பந்தே' என்று) உயிர்தான் என்று அதைத் தீர்த்துவைத்துவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

இந்தச் சூழ்நிலையில்தான் ஜெயக்குமார் வந்து சேர்ந்தான். மனை பார்க்க வருகிறவர்களை வேனில் ஏற்றிவருவது அவன் வேலை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் வேறு முகங்கள். படாளத்து வீட்டை அண்ணன்கள் பிரித்துக்கொண்ட பிறகு, அவன் சாப்பிட்டானா என்று கேட்க ஆள் கிடையாது. ஒருநாள் தண்ணீர் கேட்டு விகாருக்குள் நுழைந்தவனுக்கு, சமையல் பார்க்கும் வேண்டா அக்கா சுண்டலும் கொடுத்தாள்.

"நாளைக்கும் வருவியா? சொல்லிடு. கடலை ஊறப் போடணும்."

அவனை நம்பி யாரும் கடலை ஊறப் போட்டதில்லை. மறுநாளும் போனான்.

அந்த வாரமே செயலாளர் கலையரசன் அவன் கையில் கொசு அடிக்கும் கரண்ட் பேட்டைக் கொடுத்தார். "நீ இன்னும் சீலம் எடுக்கல இல்ல? அப்ப உனக்குத் தடையில்ல. எங்களுக்கும் பாவமில்ல."

"அப்ப பாவம் யாருக்கு சார்?"

"போகப்போகப் புரியும்பா."

எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று மற்றவர்கள் கண்ணை மூடிச் சொல்ல, ஜெயக்குமார் அவர்களுக்கு நடுவில் நடந்து பேட்டை வீசுவான். டப். உயிர்கள் நலமாக இருக்கட்டும். டப்.

அவனுக்கும் சீலம் எடுத்து அந்த வரிசையில் உட்கார ஆசை வந்தது. வெள்ளைச் சட்டை வாங்கி, கவர் பிரிக்காமல் வேனிலேயே வைத்திருந்தான். சித்திரைப் பௌர்ணமிக்கு, "பந்தேவுக்கு உடம்பு சரியில்ல" என்றார் கலையரசன். வைகாசியில், "கூட்டம் ஜாஸ்தி." ஆனியில் உண்மையே வாய்தவறி வந்துவிட்டது: "இப்பதானே கொசு சீசன் ஆரம்பிக்குது!" அவனுக்குப் பின்னால் வந்த ஸ்வாதி அடுத்த பௌர்ணமியிலேயே எடுத்துவிட்டாள். பேட்டு வீசத் தெரியாதது அவளுக்குக் கூடுதல் தகுதி.

ஆடிப் பௌர்ணமியன்று ஜெயக்குமார் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், பிக்குவுக்கு எதிரே உட்கார்ந்தான். பேட்டு மடியில்.

கலையரசன் குனிந்தார். "இன்னாப்பா இது? நீ உக்காந்துட்டா கொசுவை யாரு பாக்குறது?"

"இப்பவும் யாரும் பாக்கல சார். வைகாசியிலேர்ந்து பேட்டுக்கு சார்ஜே போடல."

"சத்தம் கேட்டுச்சே!"

ஜெயக்குமார் நாக்கை மேலண்ணத்தில் தட்டினான். டப். கண்மூடியிருந்த ஸ்வாதி பழக்கதோஷத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

"நேத்துகூடக் கொசுவே இல்லன்னு சொன்னேனேய்யா!"

"சொன்னீங்க. சொறிஞ்சிக்கினே சொன்னீங்க."

"பொய் சொல்லக்கூடாது, நாலாவது சீலம். தெரியுமா?"

"நான்தான் இன்னும் எடுக்கலையே சார்."

பிக்கு சிரிக்கவில்லை. "ஏன் சார்ஜ் போடலை?" என்று மட்டும் கேட்டார்.

"அதுங்க நல்லா இருக்கட்டும்னு தெனமும் சொல்லிக்கினு கீறாங்க. எனக்கும் காது கீது இல்ல பந்தே?"

பின்வரிசையிலிருந்து வேண்டா அக்காவின் குரல் வந்தது. "இன்னாத்துக்கு சார் இழுத்தடிக்கிறீங்க? நம்மளக் கடிக்கிறது அவனையும் கடிச்சிட்டுப் போவட்டும்."

பிக்கு முதல் சீலத்தைச் சொன்னார். ஜெயக்குமார் திருப்பிச் சொல்லும்போதே ஒரு கொசு வந்து அவன் காதில் உட்கார்ந்து, வேலையை நிதானமாக ஆரம்பித்தது. அவன் கையை ஓங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, அவனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கலையரசன் அவன் மடியில் இனி வீச ஆளில்லாமல் கிடந்த பேட்டைப் பார்த்தார். பிறகு, தண்ணீர் கேட்டு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.